பாப்பாவின் இடுப்புத் தடிப்பும் நான் காய்ச்சிய சோப்பும்

என் தங்கை மகளுக்கு ஆறாவது வாரத்தில் இடுப்பைச் சுற்றிச் சிவந்து தடித்தது. இடுப்புத்துணியின் ஓரம் படுகிற இடம், தொடையின் பின்பக்கம், சட்டைக் கழுத்து உரசுகிற பிடரி என்று மூன்று இடங்கள். தொடை மடிப்புகளுக்குள் ஒன்றும் இல்லை. அதற்குப் பத்து நாள் முன்புதான், நான் வீட்டில் செய்து கொடுத்த தேங்காய் எண்ணெய் சோப்பில் பாப்பாவின் துணிகளைத் துவைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

எல்லோருக்கும் சந்தேகம் முதலில் என் சோப்பின் மேல் வந்தது. எனக்கும் அப்படித்தான். அன்று இரவு தூக்கம் வரவில்லை. பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். குழந்தைக்கு என்று அக்கறையாகச் செய்த பொருளே குழந்தையைப் புண்ணாக்கிவிட்டதோ என்ற எண்ணம் அவ்வளவு லேசில் விடவில்லை. மறுநாளிலிருந்து நடந்ததை ஒரு நோட்டில் குறித்து வந்தேன். கைக்குழந்தையும் உப்புத் தண்ணீரும் சேர்ந்திருக்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய. அவர்களுக்கு உதவும் என்பதால் அந்தக் குறிப்புகளை விரித்து எழுதுகிறேன்.

வீடும் தண்ணீரும்

பல்லடம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது எங்கள் அம்மா வீடு. தங்கை பிரசவத்துக்கு அங்கே வந்திருந்தாள். வீட்டில் இரண்டு தண்ணீர். ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை வருகிற ஆற்றுத் தண்ணீரை 'நல்ல தண்ணி' என்போம். குடிக்க, சமைக்க மட்டும் அது. மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். அந்த உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, தலைக்குக் குளித்தால் முடி சிக்கிக்கொள்ளும், குழாய் வாயில் வெள்ளையாகப் படை கட்டும். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய தண்ணீர் என்பதால் யாரும் அதை ஒரு விஷயமாக நினைப்பதில்லை.

பாப்பாவுக்கு இடுப்புத்துணி, அப்பாவின் பழைய வேட்டிகளைச் சதுரமாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்தது. மொத்தம் 24. ஒரு நாளைக்குப் பதினைந்து பதினெட்டு துணி நனையும். அம்மாதான் துவைப்பார். துவைக்கிற கல்லில் சோப்பு போட்டுக் கசக்கி, இரண்டு வாளித் தண்ணீரில் அலசி, கொடியில் வெயிலில் காயப்போடுவார். முதல் நான்கு வாரம் கடையில் வாங்கிய திரவ டிடர்ஜென்டில் இப்படித் துவைத்தபோது தோலில் எந்தத் தொந்தரவும் இல்லை. கெமிக்கல் எதற்கு, அக்கா சோப்பே போதும் என்று தங்கை சொல்லி, ஐந்தாவது வாரத்தில் மாற்றினார்கள்.

தடிப்புக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். பாப்பா பிறந்த மூன்றாம் நாள் அந்த வேட்டிகளை எடுத்தபோது பாச்சை உருண்டை வாடை வந்தது. பீரோவில் வருடக்கணக்கில் உருண்டை போட்டு வைத்திருந்த துணிகள் அவை. அன்றைக்கே அத்தனையையும் திருப்பி வைக்கச் சொன்னேன். பாச்சை உருண்டையில் இருக்கிற நாப்தலீன் துணியிலிருந்து ஆவியாகி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மஞ்சள் காமாலை ஏறி மூளையைத் தாக்கும் அளவுக்கும் போகலாம். நம் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பெரும்பாலான வீடுகளில் யாருக்கும் தெரிந்திருக்காது. சலவை சோப்பு எது என்று யோசிப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது இது. உருண்டை போட்ட பீரோவின் துணி, போர்வை, சேலைத் தூளி எதுவும் பச்சிளங்குழந்தைக்கு வேண்டாம். நாங்கள் வேறு பெட்டியில் உருண்டை இல்லாமல் இருந்த வேட்டிகளை எடுத்துக் கிழித்துக்கொண்டோம்.

சோப்பு செய்த விதம்

தை மாதம் என் வீட்டுப் பின்கட்டில் செய்தேன். ஒரு ஈட்டுக்கு 500 கிராம் தேங்காய் எண்ணெய், 90 கிராம் காஸ்டிக் சோடா, 180 கிராம் நல்ல தண்ணீர். வாசனையும் நிறமும் சேர்க்கவில்லை. பங்குனியில் பயன்படுத்த எடுக்கும்போது அதற்கு எட்டு வாரம் ஆகியிருந்தது. நான்கிலிருந்து ஆறு வாரம் ஆறினாலே போதும்.

காஸ்டிக் அளவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது முக்கியம். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுதாகச் சோப்பாக மாற, சுமார் 0.183 கிராம் காஸ்டிக் சோடா தேவை. 500 கிராமுக்கு 91.5 கிராம் வரும். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சட்டும் என்று 90 போட்டேன். இதே 90 கிராமைத் தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாகக் கடலை எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ போட்டால் என்ன ஆகும்? அவற்றுக்குக் கிராமுக்கு 0.135 பக்கம்தான் தேவை. இருபது கிராமுக்கு மேல் காஸ்டிக் அப்படியே சோப்புக்குள் நிற்கும். அந்தக் கட்டியைக் கையால் எடுப்பதே ஆபத்து, குழந்தைத் துணிக்குக் கேட்கவே வேண்டாம். எண்ணெயை மாற்றினால் கணக்கும் மாற வேண்டும். ஒரு கிராம் வரை காட்டுகிற தராசு இல்லாமல், டம்ளர் கணக்கில் சோப்பு செய்யவே கூடாது.

தண்ணீரில் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும். போட்டவுடன் கலவை 80 டிகிரிக்கு மேல் சூடாகிக் காரமான ஆவி வரும். அலுமினியப் பாத்திரம் கூடாது. அலுமினியத்தைக் காஸ்டிக் அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். எவர்சில்வர் போதும். கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். இத்தனையையும் பார்த்துக்கொண்டாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. தவழுகிற, நடக்கிற குழந்தை இருக்கிற வீட்டில் காஸ்டிக் டப்பாவே இருக்கக் கூடாது. கற்கண்டு மாதிரி வெள்ளை வெளேர் என்று இருக்கிற அந்தச் செதிலில் ஒன்றை வாயில் போட்டால் உணவுக்குழாய் வெந்துவிடும். நான் வாங்கியதில் மிச்சத்தை அன்றைக்கே பள்ளி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டினேன்.

டாக்டரம்மா கேட்ட கேள்வி

ஏழாம் வாரத் தொடக்கத்தில் குழந்தை மருத்துவரிடம் போனோம். மடிப்புகளை விரித்துப் பார்த்தார். "மடிப்புக்குள்ளயும் நல்லாச் செவந்து, சுத்தியும் சின்னச் சின்னப் புள்ளியா இருந்திருந்தா பூஞ்சைன்னு சொல்லுவேன். இது துணி படற இடத்துல மட்டும் இருக்குதுங்க" என்றார். தங்கை உடனே சோப்பைப் பற்றிச் சொன்னாள். அவர் குறுக்கிட்டு, "என்ன சோப்புங்கறது இருக்கட்டும். எந்தத் தண்ணியில, எத்தனை தடவை அலசறீங்க?" என்று கேட்டார்.

எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. துத்தநாக ஆக்சைடு களிம்பு எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் கொஞ்ச நேரம் துணி கட்டாமல் காற்றாட விடச் சொன்னார். கொப்புளம், சீழ், காய்ச்சல் என்று ஏதாவது வந்தாலோ, நான்கைந்து நாளில் குறையாவிட்டாலோ உடனே வரச் சொன்னார். மருத்துவம் அவ்வளவுதான். மீதி வேலை துவைக்கிற கல்லடியில் இருந்தது.

சோப்பில் காஸ்டிக் மிஞ்சியிருக்கிறதா?

முதலில் என் மேல் இருந்த சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள நினைத்தேன். சோப்புக் கரைசலில், காரத்தைக் காட்டிக்கொடுக்கிற பினாஃப்தலீன் விட்டால் இளஞ்சிவப்பாகும். அதைப் பார்த்துக் காஸ்டிக் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் நல்ல சோப்பும் தண்ணீரில் காரத்தன்மை காட்டும், பிஎச் 9, 10 இருக்கும். மிஞ்சின காஸ்டிக்கைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால், சோப்பைத் தண்ணீர் சேராத ஆல்கஹாலில் சூடாகக் கரைத்து அதில் பினாஃப்தலீன் விட வேண்டும். அங்கே சிவந்தால் காஸ்டிக் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். ஆய்வகத்தில் மூன்று கட்டிகளிலிருந்து சீவி எடுத்துச் செய்தேன். மூன்றிலும் நிறம் வரவில்லை.

நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் குழந்தையின் இடுப்பு சிவந்தபடியே இருந்தது. சோப்பு சரியாக இருந்தும் ஏன்?

அப்பளம் மாதிரி துணி

அன்று மாலை கொடியிலிருந்து ஒரு இடுப்புத்துணியை எடுத்துக் கையில் மடித்தேன். மடிந்த இடத்தில் அப்படியே நின்றது. கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன், சொரசொரவென்று இருந்தது. முப்பது வருடம் துவைத்த மெல்லிய வேட்டி அப்படி இருக்கக் கூடாது. அம்மாவிடம் காட்டினேன்.

"நானும் பார்த்தேன் கண்ணு, துணி அப்பளமாட்டம் வெறைக்குது. வெயில்ல காயறதுனாலன்னு நெனச்சேன்" என்றார். அப்புறம் அவரே, "அதுமில்லாம உன் சோப்பு வேகமாத் தேயுது. நுரையே வர மாட்டேங்குது. போட்டுப் போட்டுத் தேய்க்கறேன்" என்றார்.

முழு விஷயமும் இந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. இருந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மூன்று சோதனை செய்தோம். மூன்றையும் எந்த வீட்டிலும் செய்யலாம்.

ஒரு கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான நல்ல தண்ணீர் எடுத்து, காய்ந்த இடுப்புத்துணியின் ஒரு மூலையை முக்கிப் பிழிந்தேன். தண்ணீர் நீராகாரம் மாதிரி கலங்கி, உள்ளே பொடிப்பொடியாக வெள்ளைத் திரிகள் மிதந்தன. பெட்டியில் இன்னும் பயன்படுத்தாத ஒரு வேட்டித் துண்டை இன்னொரு டம்ளரில் முக்கினேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. அலசி முடித்த துணி என்று நாங்கள் நினைத்ததற்குள் இவ்வளவு இருந்திருக்கிறது.

அடுத்தது சொட்டுச் சோதனை. துணியைத் தட்டையாக விரித்து மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். பயன்படுத்தாத துண்டில் சொட்டு விழுந்தவுடன் மறைந்தது. பாப்பாவின் துணியில் முத்து மாதிரி உருண்டு நின்றது. மெதுவாக எட்டு வரை எண்ணிய பிறகுதான் உள்ளே இறங்கியது. தங்கை அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, அப்பொ மூத்திரம் போனாலும் துணி குடிக்காம வெளியவே நிக்குமா?" என்று கேட்டாள். நிற்கும். அந்த ஈரம் தோலோடு சேர்ந்தே இருக்கும். ஈரத்தில் ஊறிய தோல் மேல் சொரசொரப்பான துணி உரசும். பெரியவர்களின் தோலைவிடக் குழந்தையின் மேல்தோல் மெல்லியது. பங்குனி வெயிலில் வேர்வையும் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது, மஞ்சள். மஞ்சள் கறை மேல் சோப்பு பட்டால் சிவக்கும் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அதுவே காரத்தைக் கண்டுபிடிக்கிற தாள். மஞ்சள் தூளைக் கரைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவைத்து, கீற்றுகளாக வெட்டிக்கொண்டேன். முதலில் வெறும் போர் தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் நனைத்துப் பார்த்தேன், நிறம் மாறவில்லை. அப்படிப் பார்த்துக்கொள்ளாமல் மேலே போனால் சோதனையே தப்பாகிவிடும். அலசிய ஈரத்துணியின் நடுவில் தாளை அழுத்தினேன், மஞ்சளாகவே இருந்தது. மடித்துத் தைத்த ஓரத்தில் அழுத்தினேன், செங்கல் நிறமாக மாறியது. ஓரத்தின் இரட்டை மடிப்புக்குள் சோப்பு அப்படியே தங்கியிருக்கிறது. பாப்பாவின் இடுப்பைச் சுற்றி வருகிறது அந்த ஓரம்தான்.

ஒரு வாளித் தண்ணீர் தின்கிற சோப்பு

போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப் போய்ப் பள்ளியில் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிக் கரைசல் கொண்டு தரம்பார்த்தேன். ஒயின் சிவப்பு நீலமாக மாறுகிற அந்தச் சோதனை பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே பழக்கமானது. கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 840 மில்லிகிராம் வந்தது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500 படி 200 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை. நல்ல தண்ணீரில் 70 இருந்தது. ஆய்வகம் கைவசம் இல்லாதவர்கள் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

840 என்றால் என்ன என்று கணக்குப் போட்டபோது நானே ஆடிப்போனேன். 20 லிட்டர் வாளியில் கால்சியம் கார்பனேட் கணக்கில் 16.8 கிராம் கடினம். தேங்காய் எண்ணெய் சோப்பு சுமார் 75 கிராம் இருந்தால்தான் அது முழுவதையும் பிடித்து முடிக்கும். நுரை அதற்குப் பிறகுதான் வரும். 100 கிராம் கட்டியில் முக்கால்வாசி! இப்படிப் பிடிபட்ட சோப்பு எங்கும் போய்விடுவதில்லை. கால்சியத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத மெழுகு மாதிரி ஒரு கசடாகத் துணியின் இழைக்குள் உட்கார்ந்துகொள்கிறது. குளியலறைத் தரையில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கசடு.

இதில் நான் முதலில் கவனிக்காத இடம் அலசல். கல்லில் தேய்க்கும்போது துணி முழுக்கச் சோப்பு இருக்கிறது. அதை எடுத்துப் புதிய உப்புத் தண்ணீரில் போட்டதும், அந்த வாளியில் இருக்கிற கால்சியம் முழுவதும் துணிக்குள் இருக்கிற சோப்பைத் தேடி வந்து பிடிக்கிறது. கசடு அதிகமாக உண்டாவது அலசும்போதுதான். அதனால் உப்புத் தண்ணீரிலேயே பத்து முறை அலசினாலும் கசடு போகாது. கரையாத ஒன்றை எத்தனை வாளி ஊற்றி எடுப்பது?

தண்ணீருக்கும் குழந்தைத் தோலுக்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். மூன்று மாதக் குழந்தைகள் 1,303 பேரை வைத்து 2016-இல் வெளியான ஆய்வில், கடின நீர் வரும் வீட்டுக் குழந்தைகளுக்கு எக்ஸிமா என்ற கரப்பான் கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் ஏற்கெனவே எக்ஸிமா உள்ள 336 பிள்ளைகளின் வீடுகளில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி வைத்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில் குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை. ஆகவே கருவி வாங்கி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எங்கள் பாப்பாவுக்கு எக்ஸிமா இல்லை. துணியில் இருந்த கசடுதான் அவளுக்குத் தொந்தரவு.

அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். அவர் கல்யாணமாகி வந்த காலத்தில் பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்காலில் தண்ணீர் விட்டால் ஊரே துணி மூட்டையோடு கிளம்பிவிடுமாம். "வாய்க்கால் தண்ணியில அலசுன துணி பூவாட்டம் இருக்கும். அன்னைக்கும் இதே பார் சோப்புத்தான் போட்டோம்." எண்ணெய்ச் சோப்பு அந்தத் தண்ணீருக்கு ஏற்றது. ஆயிரம் அடிக்குக் கீழே இருந்து வருகிற தண்ணீருக்கு ஏற்றது இல்லை. நான் என் வீட்டில், ஆற்றுத் தண்ணீரில் அதைச் சோதித்துப் பார்த்துத் திருப்தி அடைந்துவிட்டேன். துவைக்கப்போகிற இடத்தின் தண்ணீரில் ஒரு கைக்குட்டையையாவது துவைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு பாட்டில்

மூன்றாம் நாள் கல்லடியில் குந்தி உட்கார்ந்து அம்மா துவைப்பதை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். கடைசி வாளியில், ஒரு மூடி ஆண்டிசெப்டிக் திரவம் ஊற்றினார். கேட்டால், "பக்கத்து வீட்டு அத்தை சொன்னாங்க கண்ணு, கிருமி சாகும்னு. ஒரு ரெண்டு வாரமா ஊத்தறேன்" என்றார். நான் சோப்பைப் பற்றி மட்டுமே விசாரித்ததால் இதை யாரும் சொல்லவில்லை. கடைசி அலசலில் ஊற்றுவது எதுவாக இருந்தாலும் துணியிலேயே காய்கிறது. வாசனைத் திரவமும் அப்படித்தான். துணியை மெத்தென்று ஆக்கும் திரவங்கள் இழை மேல் ஒரு பூச்சாகப் படிந்து, நீரை உறிஞ்சுகிற திறனையும் குறைக்கும். இடுப்புத்துணிக்கு அது வேண்டவே வேண்டாம். பாட்டிலை அன்றே நிறுத்தினோம். தடிப்பில் இதன் பங்கு எவ்வளவு, கசடின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே சமயத்தில் தொடங்கி, ஒரே சமயத்தில் நின்றன.

நான்கு நிற நூல்

எது சரி என்று பார்க்கக் குழந்தையின் மேல் சோதனை செய்வதற்கில்லை. துணிகளின் மேல் செய்தோம். புதிய வேட்டித் துண்டுகளின் ஓரத்தில் நான்கு நிற நூலால் அடையாளம் தைத்து, ஐந்து முறை துவைத்துக் காயவைத்துச் சொட்டுச் சோதனையும் டம்ளர் சோதனையும் செய்தேன்.

என் சோப்பு, உப்புத் தண்ணீர்: ஐந்தாவது துவைப்பில் விறைத்துவிட்டது. என் சோப்பு, முழுக்க நல்ல தண்ணீர்: மெத்தென்று இருந்தது, சொட்டு உடனே இறங்கியது. வாசனை இல்லாத திரவ டிடர்ஜென்ட், உப்புத் தண்ணீர், மூன்று அலசல்: வெயிலில் காய்ந்த விறைப்பு கொஞ்சம் இருந்தாலும் கையால் உதறினால் போய்விட்டது, டம்ளர் தெளிவாக இருந்தது. பூந்திக்கொட்டை ஊறவைத்துக் கொதிக்கவைத்த தண்ணீர், உப்புத் தண்ணீர் அலசல்: கசடு இல்லை. அதில் நுரை தருகிற சபோனின் கால்சியத்தோடு திரியாது. ஆனால் மலக்கறை போகவில்லை, துணி பழுப்பேறியது. இரண்டு நாள் வைத்தால் கரைசல் புளித்து நாறியது. பட்டுச் சேலைக்கு அருமையான பொருள், பாப்பாவின் இடுப்புத்துணிக்குப் போதவில்லை.

மனசுக்கு ஒப்பவில்லை என்றாலும் உப்புத் தண்ணீர் வீட்டில் கடை டிடர்ஜென்ட்தான் என் சோப்பைவிடக் குழந்தைக்கு நல்லது என்று தங்கையிடம் சொன்னேன். கெமிக்கல் இல்லாதது என்று நினைத்துத்தான் அவள் என் சோப்புக்கு மாறியிருந்தாள். காஸ்டிக் போட்டுக் காய்ச்சிய சோப்பும் கெமிக்கல்தான் என்பதை அப்போதே சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

கடையில் எடுக்கும்போது அட்டையில் குழந்தைப் படம் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். வாசனை இல்லை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மல்லிகை, லாவெண்டர் என்று எழுதியிருந்தால் அது இயற்கை எண்ணெயாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிக் கழகம் 2013-இல் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்த மெத்தில்ஐசோதையசோலினோன் சில திரவங்களில் கெடாமல் இருக்கச் சேர்க்கப்படுகிறது. பட்டியலில் அந்தப் பெயர் இல்லாததாக எடுத்தால் நல்லது. நொதி என்று எழுதியிருந்தால் பயப்படத் தேவையில்லை. பால், மலக் கறைகளை எடுப்பது அதுதான், அலசினால் போய்விடும். அப்புறம் அளவு. மூடி நிறையச் சொன்னால் நான் பாதிதான் போடுகிறேன்.

இணையத்தில் 'காஸ்டிக் இல்லாத வீட்டுச் சோப்பு' என்று ஒரு கலவை சுற்றி வருகிறது. ஒரு சோப்புக் கட்டியைத் துருவி, சலவை சோடாவும் வெங்காரமும் கலப்பது. அதில் யாரும் சோப்பு செய்யவில்லை, செய்த சோப்பைத் துருவியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சலவை சோடாக் கரைசல் பிஎச் 11 பக்கம் இருக்கும். அலசல் குறைகிற வீட்டில் அது ஓரத்து மடிப்பில் தங்கும். வெங்காரம் குழந்தை வாயில் போனால் நஞ்சு. இனப்பெருக்கத்துக்குக் கேடு தரும் பொருள் என்று ஐரோப்பிய ஒன்றியம் அதை வகைப்படுத்தியிருக்கிறது. குழந்தை இருக்கிற வீட்டில் அந்த டப்பா தேவையே இல்லை.

கசடை எடுத்தது

24 துணிகளையும் தூக்கிப் போட மனம் வரவில்லை. சூடான நல்ல தண்ணீர் ஐந்து லிட்டரில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் ஊற்றி, துணிகளை ஒரு மணி நேரம் ஊறவைத்தோம். கசடில் இருக்கிற கால்சியத்தை அமிலம் பிரித்தெடுத்துவிடும். மிஞ்சுகிற கொழுப்பு அமிலம் மேலே ஏடு மாதிரி மிதக்கும். அம்மா அந்த ஏட்டைக் கரண்டியால் வழித்துக் காட்டினார், ஆறிய பால் ஆடை போல இருந்தது. பிறகு டிடர்ஜென்டில் ஒரு சிட்டிகை சலவை சோடா சேர்த்துச் சூடான நல்ல தண்ணீரில் துவைத்து, நல்ல தண்ணீரிலேயே மூன்று முறை அலசினோம். இரண்டு தடவை இப்படிச் செய்ததும் சொட்டு விழுந்தவுடன் மறைந்தது. வினிகரையும் பிளீச்சிங் திரவத்தையும் மட்டும் ஒரே வாளியில் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். வினிகரோடு சோடாவைச் சேர்ப்பதில் ஆபத்து இல்லை. ஆனால் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு இரண்டுமே வீணாகும். அதனால்தான் தனித்தனியாகச் செய்தோம்.

அன்றாடத்துக்கு இப்படி வைத்துக்கொண்டோம். டிடர்ஜென்டில் உப்புத் தண்ணீரில் துவைத்து, உப்புத் தண்ணீரில் இரண்டு அலசல், கடைசியாக நல்ல தண்ணீரில் ஒரு அலசல். அதற்குப் பத்து லிட்டர் போதும். குடிதண்ணீரைத் துணிக்கு ஊற்றுவதா என்று அம்மாவுக்கு முதல் இரண்டு நாள் கை வரவில்லை. மூன்றாம் நாள் கொடியிலிருந்து எடுத்த துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் நல்ல தண்ணீர் வரும் நாளில் பாப்பாவுக்கு என்று ஒரு டிரம்மைத் தனியாகப் பிடித்து மூடி வைத்தார். ஓரம் தைத்த துணிகளின் தையலைத் தங்கை உட்கார்ந்து பிரித்துவிட்டாள். நூல் பிரிந்து தொங்கினாலும் பரவாயில்லை என்று ஒற்றை மடிப்பாகவே விட்டோம்.

களிம்பு, காற்றாட விடுவது, கசடில்லாத துணி மூன்றும் சேர்ந்து நான்காம் நாள் சிவப்பு மங்கியது. எட்டாம் நாள் பிடரியில் மட்டும் லேசான தடம் இருந்தது. பத்தாம் நாள் குறிப்பில் 'தோல் சுத்தம், கழுத்தில் வேர்க்குரு இரண்டு' என்று எழுதியிருக்கிறேன்.

என் சோப்பு பதினொரு கட்டி மிச்சம் இருந்தது. வைகாசியில் தங்கை புகுந்த வீட்டுக்குக் கோவைக்குக் கிளம்பும்போது எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அங்கே சிறுவாணித் தண்ணீர் வருகிறது. "மொதல்ல அந்த வீட்டுத் தண்ணியில ஒரு பாட்டில் கொண்டா கண்ணு" என்றேன். மாப்பிள்ளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டு வந்தார். தரம்பார்த்ததில் 40-க்கும் கீழே. அந்தத் தண்ணீரிலேயே ஒரு இடுப்புத்துணியைத் துவைத்து, காயவைத்து, சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு நான்கு கட்டி கொடுத்தனுப்பினேன். மீதி ஏழு என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.